தலைகீழாப் பறந்தா ஏன் விழல?



போன மாதம் அறிவியல் வகுப்பில் விமானம் எப்படிப் பறக்கிறது என்று டீச்சர் நடத்தினார்கள். கரும்பலகையில் ஓர் இறக்கை வரைந்தார்கள். மேல் பக்கம் வளைவு, கீழ்ப் பக்கம் தட்டை. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றும் அதுவும் ஒரே நேரத்தில் பின்னால் போய்ச் சேர வேண்டும். அதனால் மேல் காற்று வேகமாக ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, இறக்கை மேலே போகிறது. இப்படித்தான் நிறைய புத்தகத்திலும் இருக்கிறது.

நான் எழுந்து, "டீச்சர், அப்ப விமானம் தலைகீழாப் பறந்தா வளைவு கீழ வந்துடுமே, அது கீழ தானே இழுக்கணும்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "ஏன் தலைகீழாப் பறக்கணும், பைலட்டுக்குக் கிறுக்கா?" என்று பின் பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்கள். "நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியல. நீயே கண்டுபிடிச்சு சுவர்ப் பத்திரிகையில எழுது" என்றார்கள். அதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். நின்னு படிக்கிறவங்க கால் மாத்தி மாத்தி நின்னு படிங்க.

அந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. அந்தச் சமயத்தில் நான் வீட்டில் தினமும் தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில்தான்!

சிமுலேட்டர் என்றால் என்ன?

அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் எங்கள் வீட்டில் இருக்கிறது. பேட்டரி செத்துப் போச்சு. கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். அதில் ஃபிளைட்கியர் என்ற மென்பொருளை அண்ணன் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். இது இலவசம். பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து 1990-களிலிருந்து உருவாக்கி வருகிறார்கள்.

இது கேம் மாதிரி தெரியும், ஆனால் கேம் இல்லை. சுடுவதற்கு எதிரி கிடையாது, மார்க் கிடையாது. விமானத்தின் எடை, என்ஜின் இழுவை, இறக்கையில் காற்று படும் கோணம் எல்லாவற்றையும் ஒரு விநாடிக்குள் பலமுறை கணக்குப் போட்டு, நிஜ விமானம் அந்த இடத்தில் என்ன செய்யுமோ அதைத் திரையில் காட்டும். தப்பாக ஓட்டினால் விழும்.

விமானப் பயிற்சிக்குச் சிமுலேட்டர் புதுசு இல்லை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-லேயே ஒன்று செய்தார். அவர் அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனில் காற்று ஊதும் துருத்தி இருக்கும். அந்தத் துருத்தியையே வைத்து, தரையிலேயே சாய்ந்து திரும்பும் பொம்மை விமானம் மாதிரி ஒன்றைக் கட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஏராளமான விமானிகள் அதில்தான் பழகினார்கள்.

நான் ஓட்டும் விமானம்

அதில் நிறைய விமானங்கள் உண்டு. நான் எடுத்தது பிட்ஸ் ஸ்பெஷல் எஸ்-1சி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை. ஓர் ஆள் மட்டும் உட்காரலாம். கர்டிஸ் பிட்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் வடிவமைத்தார். முதல் பிட்ஸ் பறந்தது 1944-ல். உடம்பு இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தது. இறக்கை மரச்சட்டம். அதன்மேல் இழுத்துப் போர்த்திய துணி.

எதற்கு இரண்டு இறக்கை? ஒரே இறக்கையாக வைத்தால் நீளமாக வைக்க வேண்டும். நீளமான இறக்கை சீக்கிரம் சுழலாது. இரண்டாகப் பிரித்து அடுக்கினால் அகலம் 5 மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். நம் வகுப்பறைக்குள்ளேயே நிறுத்திவிடலாம்! நடுவில் தூணும் கம்பியும் கட்டுவதால் பெட்டி மாதிரி உறுதியாகவும் இருக்கும். வானத்தில் குட்டிக்கரணம் போடவே பிறந்த விமானம் இது.

முதல் பத்து நாள் தரையிலேயே

பறப்பது அப்புறம். முதலில் நேராக ஓடவே எனக்கு வரவில்லை. பேஜ் அப் விசையை அழுத்தினால் என்ஜின் வேகம் கூடும். கூட்டினேன். விமானம் இடது பக்கம் வளைந்து புல்லில் ஏறி வட்டமடித்துக் கவிழ்ந்தது. மறுபடியும் அதே. மறுபடியும் அதே. அப்பத்தா பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டே, "ஏத்தா, அந்த ஏரோப்ளேன எத்தன தடவதான் கவுப்ப?" என்றது.

காரணம் இரண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

1. இந்த விமானத்துக்குப் பெரிய சக்கரம் இரண்டும் முன்னால், குட்டிச் சக்கரம் வாலில். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் கோணினாலும் டிரெய்லர் மேலும் மேலும் மடங்கிக்கொண்டே போகும். அது மாதிரி, லேசாகத் திரும்பினால் பின்னால் இருக்கிற எடை இன்னும் திருப்பிவிடும்.

2. புரொப்பெல்லர் சுழலும்போது அதிலிருந்து வரும் காற்றும் சுழன்றுகொண்டே வந்து வாலை ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால் முழு வேகத்தில் விமானத்தின் மூக்கு இடது பக்கம் போகும்.

வைத்தியம் ஒன்றுதான். வாலில் இருக்கிற சுக்கானை வலது பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுக்க வேண்டும். திரும்பின பிறகு திருத்தினால் லேட். திரும்பப் போவுதுன்னு தோணும்போதே திருத்தணும். நிஜத்தில் சுக்கானைக் காலால் மிதிப்பார்கள். எனக்கு மௌஸ்தான். இடது பட்டனை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் சுக்கான், அழுத்தாமல் நகர்த்தினால் ஸ்டிக். பதினோராம் நாள் மேலே ஏறினேன். சத்தம் போட்டதில் ஆட்டுக்குட்டி கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

ஸ்டால்: மேலே இழுத்தால் கீழே விழும்

ஏறின சந்தோஷத்தில் ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே இருந்தேன். மூக்கு மேலே, இன்னும் மேலே போனது. சட்டென்று விமானம் தொய்ந்து ஒரு பக்கமாகக் கவிழ்ந்து சுற்றிக்கொண்டே கீழே வந்தது. என்ஜின் நிற்கவில்லை. பின்னே ஏன் விழுந்தது?

இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் நடுவில் ஒரு கோணம் இருக்கிறது. இனிமேல் அதைச் சாய்வு என்று சொல்கிறேன். சாய்வு கூடக் கூடத் தூக்கும் விசையும் கூடும். ஆனால் சுமார் 15 டிகிரி தாண்டினால் மேல் பக்கத்துக் காற்று இறக்கையை ஒட்டி வராது, பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்கும் விசை சட்டென்று குறையும். இதற்குப் பேர் ஸ்டால்.

அப்போது நம் கை என்ன செய்யும்? தரை மேலே வருதுன்னு பயந்து இன்னும் இழுக்கும். இழுத்தால் சாய்வு இன்னும் கூடும், ஸ்டால் தீரவே தீராது. செய்ய வேண்டியது இதுதான்: என்ஜினைக் குறைக்கணும், இறக்கையால் சமாளிக்கப் பார்க்காமல் ஸ்டிக்கை நடுவில் வைக்கணும், சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் சுக்கான் கொடுக்கணும், ஸ்டிக்கை முன்னால் தள்ளணும். தரையைப் பார்த்து விழும்போது தரையைப் பார்த்தே தள்ளுவது! படிக்க ஈசியா இருக்கும். கை கேட்கவே கேட்காது. எனக்கு 23 தடவை ஆனது. நோட்டில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறேன்.

தலைகீழ்

ஸ்டாலிலிருந்து மீளத் தெரிந்த பிறகுதான் சாகசம். 120 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வந்ததும், ஸ்டிக்கை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். ஒரு இறக்கை மேலே போனது, வானமும் தரையும் இடம் மாறின. பாதி உருளலில் நிறுத்தினேன். இப்போது வளைந்த பக்கம் கீழே, தட்டையான பக்கம் மேலே. எஸ்-1சி விமானத்தின் இறக்கை டீச்சர் வரைந்த படம் மாதிரியேதான். கீழ்ப் பக்கம் கிட்டத்தட்ட தட்டை.

முதலில் கீழே இறங்க ஆரம்பித்தது. பழக்கத்தில் இழுத்தேன். தலைகீழாக இருக்கும்போது இழுத்தால் மூக்கு தரையைப் பார்த்துப் போகும். நேராகப் போய்க் குத்தினேன். அடுத்த தடவை தள்ளினேன். மூக்கு தொடுவானத்துக்கு மேலே ஏறியது. நேராகப் பறக்கும்போது இருப்பதைவிட நல்ல உயரத்தில் மூக்கைப் பிடித்து வைத்ததும் இறங்குவது நின்றது. வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் விழவில்லை. தலைகீழாகவே போய்க்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் வரும். கம்ப்யூட்டர் அதற்குச் சொல்லிக் கொடுத்த கணக்கைத்தானே காட்டும், அது எப்படிச் சாட்சி ஆகும்? எனக்கும் வந்தது. அதனால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஃபேனிடம் போனேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

தேவையானவை: டேபிள் ஃபேன், பழைய நோட்டு அட்டை. (விரலைக் கம்பி வலைக்குள் விடாதீர்கள். ஒரு முழம் தள்ளியே நில்லுங்கள்.)

1. அட்டையைக் காற்றுக்கு நேர் மட்டமாகப் பிடியுங்கள். தூக்காது.

2. முன் விளிம்பை லேசாக உயர்த்துங்கள். அட்டை மேலே எழும்பும். அட்டையில் வளைவே இல்லை! பட்டத்திலும்தான் வளைவு எங்கே இருக்கிறது? அது சாய்ந்து நின்றுதானே பறக்குது.

3. இப்போது அட்டையை லேசாக வளைத்து, வளைவு மேலே இருக்கும்படி பிடியுங்கள். சாய்க்காமலேயே கொஞ்சம் தூக்கும். வளைவு உதவி செய்கிறது என்பது உண்மை.

4. அதையே கவிழ்த்து, வளைவு கீழே இருக்கும்படி பிடியுங்கள். கீழே அமுக்கும். நான் வகுப்பில் கேட்டது இதைத்தான்.

5. அதே கவிழ்ந்த அட்டையின் முன் விளிம்பை நன்றாக உயர்த்துங்கள். அமுக்குவது நின்று, மறுபடி மேலே தூக்கும்!

6. ரொம்ப உயர்த்தினால் அட்டை படபடவென்று அடித்துப் பின்னால் தள்ளும். ஸ்டாலில் நடப்பதும் இது மாதிரிதான்.

ஐந்தாவதுதான் பதில். தலைகீழ் விமானம் மூக்கை உயர்த்தி வைப்பது அதனால்தான்.

அப்படியானால் எது தூக்குகிறது?

இறக்கை தன்மேல் வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. காற்றைத் திருப்ப இரண்டு வழி: வளைவு ஒன்று, சாய்வு ஒன்று. வளைவு எதிராக இருந்தாலும் சாய்வை அதிகமாக வைத்துச் சமாளிக்கலாம்.

மேலே அழுத்தம் குறைவு, வேகம் அதிகம் என்று டீச்சர் சொன்னது சரிதான். நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. தப்பு அந்த ஒரே வரியில்தான்: "ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும்." மேல் காற்றும் கீழ்க் காற்றும் அப்படி ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. காற்றுச் சுரங்கத்தில் புகைவிட்டுப் பார்த்தால் மேல் காற்று முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அப்புறம் வந்த பிட்ஸ் எஸ்-1எஸ் விமானத்துக்கு மேலும் கீழும் ஒரே அளவு வளைவு வைத்தார்கள். தலைகீழாப் பறக்கவும் நேராப் பறக்கவும் இரண்டும் ஒன்றுபோல இருக்கட்டும் என்றுதான்.

உங்களுக்குத் தெரியுமா?

சாதாரண என்ஜினின் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைப் பார்க்க ஒரு மிதவை இருக்கும். தலைகீழானால் அது வேலை செய்யாது, என்ஜின் நின்றுவிடும். தலைகீழாகப் பறக்கும் விமானங்களுக்குப் பெட்ரோலும் ஆயிலும் போவதற்குத் தனி ஏற்பாடு செய்திருப்பார்கள்.

மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு பெண்

இனி நிஜ சாட்சி. பெட்டி ஸ்கெல்டன் 1926-ல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். 12 வயதில் தனியாக விமானம் ஓட்டினார். அது சட்டப்படி இல்லை. 16 வயதில் சட்டப்படி ஓட்டினார். 1948, 1949, 1950 மூன்று ஆண்டும் தொடர்ந்து அமெரிக்கப் பெண்கள் வான சாகச சாம்பியன். அவர் விமானம் பிட்ஸ் எஸ்-1சி. பெயர் லிட்டில் ஸ்டிங்கர். நம்ம பாஷையில் சொன்னால் சின்ன நாத்தக்காரன்! என்ஜின் 85 குதிரைத்திறன்தான். இரண்டு டிராக்டர் பலம்கூட இருக்காது.

இரண்டு கம்பத்துக்கு நடுவில் தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில் ஒரு ரிப்பன் கட்டுவார்கள். அவர் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு வந்து, புரொப்பெல்லரால் அந்த ரிப்பனை வெட்டுவார். 3 மீட்டர் என்றால் நம் பள்ளி வராண்டா கூரை உயரம். அவர் தலை தரையைப் பார்த்துத் தொங்குகிறது. அந்த நேரத்தில் பயந்து ஒரே ஒரு தடவை இழுத்தால் போதும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் தள்ளினார்.

இவ்வளவு ஓட்டத் தெரிந்தவருக்கும் விமான கம்பெனிகளில் வேலை கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பைலட்டாக எடுக்க மாட்டார்கள். அதனால்தான் அவர் சாகசக் காட்சிகளுக்கு வந்தார். 2011-ல் இறந்துபோனார். அவர் விமானம் இப்போது அமெரிக்காவில் வெர்ஜீனியாவில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைகீழாகத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள்!

நானும் சிமுலேட்டரில் ஃபுளோரிடாவின் தாம்பா நகரத்துக்குப் போய், கடலோரம் இருக்கிற பீட்டர் ஓ. நைட் விமான நிலையத்தில் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை 50 அடிக்குக் கீழே தலைகீழாகப் போய்க் கவிழாமல் திரும்பி வந்ததே இல்லை.

கம்ப்யூட்டர் சொல்லித் தராதது

இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் பைலட் இல்லை. வானத்தில் வட்டமடிக்கும்போது 4 ஜி விசை வந்தால் உடம்பு எடை நாலு மடங்கு ஆகிவிடும். நான் 42 கிலோ. அப்போது 168 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தைத் தூக்கி என் மேல் வைத்த மாதிரி. ரத்தம் தலையை விட்டுக் கீழே இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். தலைகீழானால் ரத்தமெல்லாம் முகத்துக்கு வரும், பெல்ட்டில் தொங்க வேண்டும். எனக்கோ பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் டீ. 23 தடவை விழுந்தும் ஒரு கீறல் இல்லை. நிஜத்தில் அந்த 23-க்கு ஒரு தடவைதான் கணக்கு.

ஆனால் கை ஒன்றைக் கற்றிருக்கிறது. பயம் வந்ததும் இழுக்காமல், சாய்வு எவ்வளவுன்னு முதலில் யோசிக்கிறது. இந்தியாவில் மாணவர் விமானி உரிமம் வாங்க 16 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு 14. "அதுக்கெல்லாம் லட்சக்கணக்குல ஆகும்டி" என்கிறார் அம்மா. அது உண்மைதான். இன்னும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது.

கடைசியாக ஒன்று. போன வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அறையிலிருந்து டேபிள் ஃபேனை வாங்கிவந்து வகுப்பில் ஆறு சோதனையும் செய்து காட்டினேன். டீச்சரும் அட்டையைக் கையில் வாங்கிக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பிறகு, "எல்லாரும் நோட்டை எடுங்க. போன மாசம் நான் சொன்னதுல ஒரு வரிய அடிச்சுக்கோங்க" என்றார்கள். பின் பெஞ்சில் அன்றைக்குச் சத்தம் போட்டவர்தான் இப்போது தினமும் வந்து "எனக்கும் ஒரு தடவை குடு" என்று கேட்கிறார். கரண்ட் இருந்தால் சனிக்கிழமை வரலாம். மௌஸ் உங்களுடையது, ஏனென்றால் என்னுடையது தேய்ந்துவிட்டது.

படம் வரைந்து கொடுத்த என் தோழிக்கு நன்றி. தப்பு இருந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி